நிறம் அறியாத கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்து, 2026 தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி.ஆர். 4 மோனோக்ரோம் என்ற சிறிய கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்ததைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுக்கும் டிஜிட்டல் கேமரா அது. அந்தக் குறிப்பைப் படித்த வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் எந்தப் படமும் கறுப்பு வெள்ளையாகி விடுகிறது. அப்படியிருக்க, நிறத்தையே பதிவு செய்யத் தெரியாத கேமராவுக்கு இவ்வளவு பணம் கொட்டிக் கொடுப்பானேன்?
– வாசகர், மதுரை

நியாயமான கேள்வி. பதில் கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் மேற்பரப்பில் இருக்கிறது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு இயல்பில் நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். நிறத்தைப் பிரித்தறிவதற்காக ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தில் நுண்ணிய ஃபில்டர் ஒன்றைப் படியவைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நான்கு பிக்சல்களை ஒரு கட்டமாக எடுத்துக்கொண்டால் அவற்றில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பச்சை ஃபில்டரின் அடியில் இருக்கும் பிக்சலுக்குச் சிவப்பும் நீலமும் வந்து சேர்வதில்லை; அந்த இரண்டையும் அண்டை பிக்சல்களைப் பார்த்துக் கேமராவின் மென்பொருள் கணித்து நிரப்புகிறது. அதாவது, நீங்கள் பார்க்கும் வண்ணப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு தகவல் அளந்து பெற்றதல்ல, ஊகித்துப் பெற்றது. மிகத் திறமையான ஊகம்தான், ஆனாலும் ஊகமே. கைப்பேசியில் நீங்கள் தட்டுவது இந்த ஊகமெல்லாம் முடிந்த பிறகு நிறத்தைக் கழற்றுவதற்காக.

மோனோக்ரோம் சென்சாரில் அந்த நிறப் படலமே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த வெளிச்சத்தை முழுதாக வாங்கி, அதையே எழுதிவைக்கிறது. இதனால் கிடைக்கும் ஆதாயம் இரண்டு: ஃபில்டரில் வீணாகும் வெளிச்சம் மிச்சமாவதால் உணர்திறன் கூடுகிறது, ஊகம் இல்லாததால் நுண்விவரம் கூர்மையாகிறது. வண்ணம் எடுக்கும் ஜி.ஆர். 4 கேமராவின் ஐ.எஸ்.ஓ. (உணர்திறனைக் குறிக்கும் எண்) 100இல் தொடங்குகிறது, ஏறத்தாழ 2 கோடியே 57 லட்சம் பிக்சல் கொண்ட அதே அளவு சென்சாரை வைத்திருக்கும் மோனோக்ரோம் 160இல் தொடங்குகிறது. பூக்கடையின் கூடையில் ஓலைப் பின்னல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதும், வெளுத்த வேட்டியின் நெசவில் ஊடும் பாவும் தனித்தனியே நின்றதைக் கண்டபோதும் இந்த வேறுபாடு எனக்கு ஐயமறத் தெரிந்தது.

ஆனால் இதைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவரும், பெரிய அளவில் பிரிண்ட் எடுப்பவரும் மட்டுமே காண்பார்கள். எடுத்த படத்தைக் கைப்பேசித் திரையிலேயே பார்த்து, கைப்பேசியிலேயே நண்பர்களுக்கு அனுப்பிவிடுபவருக்கு அது தெரியப்போவதில்லை. அமெரிக்காவில் சுமார் 2,200 டாலருக்கு, நம் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டிய விலைக்கு, அறிமுகமான பொருள் இது. உங்கள் படங்கள் திரையோடு நின்றுவிடுமானால் அந்தப் பணத்தை வேறெதற்கும் செலவிடலாம்.

நாற்பது ஆண்டு ஸ்டுடியோ நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கணக்கில்லாமல் கழுவியிருக்கிறேன். இந்தக் கேமரா தரும் படம் ஃபிலிம் போல இருக்குமா?
– வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்களைப் போன்றவர்கள்தான் இந்தக் கேமராவைக் கையில் எடுத்ததும் முதலில் ஏமாறுவீர்கள் என்று அஞ்சுகிறேன். ஃபிலிமில் கைபழகியவர்கள் இதில் தலைகீழாகப் பழக வேண்டியிருக்கிறது. நெகட்டிவ் ஃபிலிமில் நிழல்பகுதியைப் பார்த்து எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழவிடும் வெளிச்சத்தின் அளவு) வைப்பீர்கள். வெளிச்சப்பகுதி சற்று மிகுந்தாலும் நெகட்டிவில் அடர்த்தியாக விழுந்திருக்கும், இருட்டறையில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் காட்டி மீட்டுவிடுவீர்கள். இங்கே வெளிச்சப்பகுதி ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான்.

வண்ண சென்சாரிலும் வெளிச்சப்பகுதி எரியும் என்றாலும், பல சமயம் மூன்று நிறங்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் நிரம்பி, மற்றொன்றில் ஏதேனும் விவரம் மிஞ்சியிருக்கும். அதைக்கொண்டு மென்பொருள் ஒப்பேற்றிவிடும். மோனோக்ரோம் சென்சாரில் அப்படித் தாங்கிப் பிடிக்க இன்னொரு நிறம் இல்லை. உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டை அணிந்தவர் ஒருவரைக் கேமராவின் கணிப்பின்படியே எடுத்தபோது, தோள்பட்டையில் தையலும் மடிப்பும் இருந்த இடம் வெறும் காகிதமாக நின்றது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியவில்லை. ஆகவே வெளிச்சப்பகுதியைக் காப்பதற்கென்றே கேமராவில் இருக்கும் அளவீட்டு முறையைத் தேர்ந்தெடுத்து, அல்லது எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவு (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துவைத்து எடுப்பது நல்லது. படம் திரையில் இருண்டு தெரியும், கலங்க வேண்டாம். நிழலுக்குள் இந்த சென்சார் வைத்திருக்கும் விவரம் வியப்பூட்டுவது, பிறகு தாராளமாகத் தூக்கிக்கொள்ளலாம்.

ஃபிலிமின் மணித்தன்மையை, அதாவது படத்தில் தெரியும் நுண்புள்ளிகளை, ஒத்த தோற்றம் வேண்டுமானால் அதற்கான அமைப்புகள் கேமராவிலேயே இருக்கின்றன. அவை இல்லாமல் எடுத்த டி.என்.ஜி. கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) மிகத் துப்புரவாக, ஏறக்குறைய உணர்ச்சியற்றதாக இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. போலி மணிகளைத் தூவி ஃபிலிமாக வேடம் போடுவதைவிட, தன் இயல்பில் இருக்கும் டிஜிட்டல் படம் மேல் என்பது என் கட்சி. உங்கள் கண் வேறு விதமாகச் சொல்லலாம்.

கேமராவுக்குள்ளேயே சிவப்பு ஃபில்டர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எதற்கு? எப்போது போட வேண்டும்?
– வாசகர்கள், தஞ்சாவூர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேமராவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இருப்பதும் இங்கேதான்.

வண்ணம் எடுக்கும் ஜி.ஆர். வரிசைக் கேமராக்களில் வெளிச்சத்தைக் குறைப்பதற்கான சாம்பல் நிற ஃபில்டர் ஒன்று லென்ஸின் உள்ளே ஒளிந்திருக்கும். மோனோக்ரோமில் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பு ஃபில்டரை வைத்திருக்கிறார்கள். தேவையானபோது அது ஒளியின் பாதையில் வந்து விழும், தேவையில்லாதபோது விலகிக்கொள்ளும். லென்ஸின் முன்னால் கண்ணாடியைத் திருகும் வேலையே இல்லை.

ஃபில்டர் தன் நிறத்தை ஒத்த பொருள்களை வெளிறச் செய்யும், எதிர் நிறத்தை இருளச் செய்யும். மழை பெய்து வெளுத்த நாளின் நீல வானம், சிவப்பு ஃபில்டரில் கரும்பலகை போலாகி, மேகங்கள் அதன்மேல் சுண்ணாம்பால் எழுதியதுபோல் எழும்பும். நீலம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்: சித்திரை வெயிலில் பால் போல வெளிறிக் கிடக்கும் சென்னை வானத்தின்மேல் இந்த ஃபில்டர் ஒன்றும் செய்யாது. மார்கழி, தை மாதங்களின் காலைப் பொழுதில், சூரியனை முதுகுக்குப் பின்னோ பக்கவாட்டிலோ வைத்துக்கொண்டு பாருங்கள், வேறுபாடு தெரியும். வயலும் வாழைத்தோட்டமும் இருளும். தொலைவில் படர்ந்திருக்கும் மெல்லிய மூட்டம் குறைந்து, மலை விளிம்பு தெளியும்.

இதுவரை சொன்னவை எல்லா ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. கோயில் மதிலில் செங்காவியும் வெள்ளையுமாகப் பட்டையடித்திருப்பார்கள் அல்லவா? ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் பட்டைகள் கறுப்பும் வெள்ளையுமாக நன்றாகப் பிரிந்து நிற்கும். சிவப்பு ஃபில்டரைப் போட்ட கணமே காவி வெளிறி, சுண்ணாம்பை நெருங்கி, மதில் கிட்டத்தட்ட ஒரே பரப்பாகிவிடுகிறது. மேலே வானம் அருமையாக இருண்டிருக்கும், கீழே மதில் தன் அடையாளத்தை இழந்து நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்பதை நீங்கள் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நெற்றியில் இருக்கும் குங்குமத்துக்கும் இதே கதிதான். அருகில் நின்று எடுத்த ஒரு முகத்தில், அழுத்தமாக வைத்திருந்த பொட்டு, ஃபில்டரைப் போட்டதும் தோலோடு கரைந்துபோய், உற்றுப் பார்த்தால் மட்டுமே விளிம்பு தெரியும் நிலைக்கு வந்துவிட்டது. மஞ்சள் பூசிய கயிறும் சாமந்தியும் ஏறத்தாழ வெள்ளையாகின்றன. உதடு வெளிறுகிறது.

முகத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் தோலின் நிறத்தில் சிவப்பின் பங்கு அதிகம் என்பதால், இந்த ஃபில்டரில் கறுத்த முகம் மாநிறமாகவும் மாநிறம் வெளுப்பாகவும் விழுகிறது. பருவும் தழும்பும் மறைகின்றன. இதைப் பார்த்து மகிழ்பவர்கள் இருப்பார்கள். வெயிலில் உழைத்த முகத்தின் நிறத்தையும் வரிகளையும் துடைத்துவிட்டு எடுக்கும் படம் எனக்கு உவப்பானதல்ல. ஆகவே ஆட்களை எடுக்கும்போது ஃபில்டரை விலக்கி வைப்பதையே பரிந்துரைக்கிறேன். இதற்கு நேர்மாறான நிலை ஒரு காலத்தில் இருந்தது: சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் உதடுகள் கறுத்து, தோல் இருந்ததைவிட இருண்டு விழும்.

சிவப்பு ஃபில்டர் சுமார் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். நண்பகலில் அது நன்மையே, சாம்பல் ஃபில்டர் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டும். மாலையில் ஷட்டர் வேகம் உங்களுக்குத் தெரியாமலே இறங்கிவிடும், கவனமாக இருங்கள். எனக்கு இருக்கும் குறை வேறு. சிவப்பு மிகக் கடுமையான ஃபில்டர். அன்றாடத்துக்கு மஞ்சளோ ஆரஞ்சோ போதும். மஞ்சளில் வானம் மிதமாக இருளும், குங்குமமும் முற்றிலும் காணாமற்போகாது. தனியே விற்கும் அடாப்டர் வளையத்தைப் பொருத்திக்கொண்டால் அத்தகைய கண்ணாடிகளை முன்னால் திருகலாம். ஆனால் அதைப் பொருத்தியதும் சட்டைப்பைக் கேமரா சட்டைப்பைக் கேமராவாக இருப்பதில்லை.

மோனோக்ரோம் கேமராவில் எடுத்த டி.என்.ஜி. கோப்பைப் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் திறந்தால், நிறவாரியாகச் சாம்பலைக் கூட்டிக் குறைக்கும் பகுதி வேலை செய்யவில்லை. கோப்பில் கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

கோளாறு இல்லை. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது அந்தப் பகுதியில் சிவப்பை ஏற்றலாம், நீலத்தை இறக்கலாம். ஏனென்றால் எது சிவப்பு, எது நீலம் என்ற தகவல் கோப்பில் இருக்கிறது. உங்கள் கோப்பில் அது பதிவாகவே இல்லாதபோது எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

இந்தக் கேமரா உங்களிடமிருந்து பறித்துக்கொள்ளும் மிகப் பெரிய வசதி இதுதான் என்பேன். பச்சைப் புடவையில் சிவப்புக் கரை என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் துல்லியமாகப் பிரிந்து தெரியும் இரண்டு நிறங்களும் வெளிச்ச அளவில் சமமாக இருந்தால், மோனோக்ரோமில் ஒரே சாம்பலாக விழுந்து கரையே இல்லாத புடவையாகிவிடும். வண்ணக் கோப்பாக இருந்தால் வீட்டுக்கு வந்து சரிசெய்யலாம். இதில் எடுக்கும் இடத்திலேயே ஃபில்டரைப் போட்டோ, வெளிச்சம் வேறு விதமாக விழும் பக்கத்துக்கு நகர்ந்தோதான் பிரிக்க முடியும். சிலர் இதை ஒழுக்கம் என்று கொண்டாடுகிறார்கள், சிலருக்கு இது தண்டனை. முடிவுகளைத் தள்ளிப்போட விரும்புபவர் வண்ணக் கேமராவையே வைத்திருப்பது நல்லது.

கோப்பிலிருக்கும் படத்தை வளைகோட்டுக் கருவியாலும், இடம் குறித்து ஒளியேற்றும் கருவிகளாலும் திருத்தலாம். அவை எப்போதும்போல் வேலை செய்யும். ஒளிப்பிழையைத் திருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. லென்ஸ் ஓரங்களில் நிறங்களைச் சற்றே விலக்கிப் பதியும் குறை எல்லா லென்ஸிலும் ஓரளவு இருக்கும். வண்ணப் படத்தில் மென்பொருள் அந்த நிற விளிம்பைக் கண்டு நீக்கிவிடும். இங்கே விளிம்புக்கு நிறமில்லை; அது லேசான மங்கலாகவே தங்கிவிடும். எனவே மோனோக்ரோம் சென்சாருக்கு நல்ல லென்ஸ் கூடுதல் அவசியம். ஜி.ஆர். 4இன் லென்ஸ் அந்தச் சோதனையில் தேறுகிறது என்பது என் கணிப்பு.

ஐ.எஸ்.ஓ. 4,09,600 வரை போகும் என்கிறார்களே, உண்மையில் பயன்படுமா? எங்கள் பகுதியில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துகளை எடுத்துவருகிறேன்.
– வாசகர், விழுப்புரம்

அந்த எண் பெட்டியின்மேல் அச்சிடுவதற்கு. அதில் எடுத்தால் ஆள் இருந்தார் என்பதற்குச் சாட்சி கிடைக்கும், படம் கிடைக்காது. ஆனால் அதற்குக் கீழே உள்ளவற்றை ஏளனமாக நினைக்க வேண்டாம். 12,800 வரை எந்தத் தயக்கமும் இல்லாமல் வைக்கிறேன். 25,600இலும் பிரிண்டுக்கு உகந்த படம் வருகிறது. வண்ணக் கேமராவில் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வை அருவருப்பாக்குவது நிழல்களில் திட்டுத்திட்டாகத் தெரியும் பச்சை, ஊதா நிற நாய்ஸ். அது இங்கே பிறக்கவே வழியில்லை. எஞ்சியிருப்பது நுண்மணலைப் போன்ற சாம்பல் புள்ளிகள், கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது.

கூத்துக்கு இந்தக் கேமரா வேறொரு வகையிலும் உதவும். இப்போதெல்லாம் மேடையைச் சுற்றி ஊதாவும் நீலமும் சிவப்புமாக எல்.இ.டி. விளக்குகளைக் கட்டிவிடுகிறார்கள், வண்ணப் படத்தில் கலைஞரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடும். மோனோக்ரோமுக்கு அது வெறும் வெளிச்சம். அங்கே சிவப்பு ஃபில்டரை மட்டும் தொடாதீர்கள்: நீல விளக்கில் படம் முழுக்க இருண்டுவிடும், சிவப்பு முகப்பூச்சின்மேல் தீட்டியிருக்கும் வெள்ளைக் கோடுகள் பூச்சோடு கலந்து மறையும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கிடைக்கோடுகள் விழலாம், ஆகவே மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். லென்ஸ், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 28 மி.மீ.க்கு இணையான அகலக் கோணம் என்பதால் நீங்கள் ஆட்டக்களத்தின் ஓரத்திலேயே உட்கார வேண்டியிருக்கும். எட்ட நின்று அடவைப் பிடிக்க இது உதவாது.

திருமணப் படம் எடுப்பவருக்குப் பயன்படுமா?
– வாசகர், சேலம்

முதன்மைக் கேமராவாகப் பயன்படாது. பட்டுப்புடவைக்கு ஐம்பதாயிரம் கொடுத்தவர்களிடம் சாம்பல் நிறப் புடவையைக் காட்டிவிட்டுக் கூலி கேட்கும் துணிவு எனக்கில்லை. பந்திக்கூடத்திலும் மணமகள் அறையிலும் சில படங்களுக்காகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட கேமரா இதுதான் முதலாவதா? லைக்காவில் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்ததாகக் கேள்வி.
– வாசகர், சென்னை

நீங்கள் கேள்விப்பட்டது சரியே. கோடாக் நிறுவனம் 2001இலேயே டி.சி.எஸ். 760 என்ற தன் கேமராவின் கறுப்பு வெள்ளை வடிவத்தை வெளியிட்டது; 60 லட்சம் பிக்சல், கனத்த உடல், எளியவர் நெருங்க முடியாத விலை. பெரிதாகப் பேசப்பட்டது ஜெர்மனியின் லைக்கா 2012இல் கொண்டுவந்த எம் மோனோக்ரோம்தான்; 1 கோடியே 80 லட்சம் பிக்சல் கொண்ட அதன் படங்களுக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. 2020இல் லைக்கா தன் க்யூ 2 கேமராவின் மோனோக்ரோம் வடிவத்தை வெளியிட்டது. லென்ஸைக் கழற்ற முடியாத, முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார் கொண்ட அந்தக் கேமராவின் அன்றைய அமெரிக்க விலை சுமார் 6,000 டாலர். ரிக்கோவும் இத்துறைக்குப் புதியதல்ல: அதன் பென்டாக்ஸ் பெயரில் 2023இல் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் என்ற எஸ்.எல்.ஆர். வந்தது.

ஆக, புதுமை சென்சாரில் இல்லை, அளவிலும் விலையிலும்தான் இருக்கிறது. பேட்டரியோடு சேர்த்துக் கால் கிலோவைச் சற்றே தாண்டும், கால்சட்டைப் பையில் அடங்கும் கேமராவில் இதை வைத்ததுதான் ரிக்கோ செய்திருப்பது. லைக்காவின் க்யூ வரிசையோடு ஒப்பிட்டால் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை, லென்ஸின் துளை எஃப் 1.7க்குப் பதில் எஃப் 2.8 (எண் கூடினால் துளை சிறிது), சென்சாரும் சிறியது. அவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகும், கூடவே எடுத்துச் செல்லத் தூண்டும் கேமரா எது என்று கேட்டால் என் விரல் ரிக்கோவின் பக்கமே நீளும். ஒரு முறைப்பாடு: வண்ணம் எடுக்கும் ஜி.ஆர். 4 அமெரிக்காவில் சுமார் 1,500 டாலருக்கு அறிமுகமானது. நிறப் படலத்தை நீக்கியதற்கு எழுநூறு டாலர் கூடுதல் என்பது, சர்க்கரை போடாத காப்பிக்கு இரட்டை விலை கேட்பது போலத்தான் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கும் தனி சென்சாருக்குச் செலவு அதிகம் என்ற நியாயத்தையும் மறுப்பதற்கில்லை.

பழைய கேமராவின் சென்சாரிலிருந்து அந்த நிறப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் போதாதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

சுரண்டியவர்கள் இருக்கிறார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு செய்துதருபவர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். படலத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைக் குவித்துத் தரும் நுண்லென்ஸ்களும் போய்விடும் என்பதால் கிடைக்க வேண்டிய ஆதாயத்தில் ஒரு பகுதி கையை விட்டுப்போகும். கை சற்று நழுவினால் சென்சாரே போகும். வீணானாலும் கவலையில்லை என்று சொல்லத்தக்க பழைய கேமராவாக இருந்தால் ஒழிய இதில் இறங்காதீர்கள். அதைவிட, உங்களிடம் இருக்கும் கேமராவில் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, கோப்பை மட்டும் ‘ரா’ எனும் மூலக் கோப்பாகச் சேமித்துப் பழகுங்கள்; பார்வை பழகும், நிறமும் பத்திரமாக இருக்கும்.

வெயிலில் திரை தெரிகிறதா? கடற்கரையில் பயன்படுத்தலாமா? நான் மீன்பிடித் துறைமுகங்களை எடுப்பவன்.
– வாசகர், தூத்துக்குடி

வெயிலில் திரை பாதிதான் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டிவைத்தாலும், நடுப்பகலில் மணற்பரப்பில் நின்றால் சட்டகத்தின் ஓரங்களைக் குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டும். ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் செருகிக்கொள்ளும் 28 மி.மீ. ஆப்டிக்கல் வ்யூஃபைண்டர் ஒன்றை வாங்கிக்கொள்வது உங்களுக்கு உதவும். அதில் ஃபோகஸ் தெரியாது, அதற்கு ஜி.ஆர். வரிசையின் பழைய உத்தி இருக்கிறது. தூரத்தை முன்கூட்டியே 2.5 மீட்டரில் நிறுத்தி, துளையை எஃப் 8இல் வைத்தால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஃபோகஸில் இருக்கும். ஷட்டர் பொத்தானை நடுவில் நிறுத்தாமல் முழுதாக அழுத்தியதும் கேமரா ஃபோகஸைத் தேடாமல் அந்தத் தூரத்திலேயே படமெடுத்துவிடும். வலை இழுப்பவர்களையும் ஏலத்தில் கை நீட்டுபவர்களையும் எடுக்க இதைவிட விரைவான முறை இல்லை. சென்சார் கூர்மையானது என்பதால் கையின் சிறு நடுக்கமும் நுண்விவரத்தில் அம்பலமாகும். ஆள்கள் அசையும் இடத்தில் ஷட்டரை 1/250 வினாடிக்குக் கீழே விடாதீர்கள்.

உங்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது, இந்தக் கேமராவுக்கு நீர், தூசி புகாத காப்பு இல்லை என்பதே. இயக்கும்போதெல்லாம் லென்ஸ் வெளியே நீண்டு, அணைத்ததும் உள்ளே போகிறது; போகும்போது ஈர உப்பையும் மணலையும் கூட்டிக்கொண்டு போக வாய்ப்பிருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாததால் உள்ளே சேர்ந்த தூசியை நீங்களே துடைக்கவும் இயலாது, சர்வீஸ் மையத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். மோனோக்ரோமில் வானத்தை இருளவைத்து எடுக்கும் படங்களில் ஒரு சிறு தூசிப்புள்ளிகூட உறுத்தும். மூடியுள்ள சிறு பையில் வைத்து, வெளியே எடுத்து, அலையின் பக்கம் லென்ஸைக் காட்டாமல் இயக்குங்கள். பேட்டரி சிறியது; கூடுதலாக ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தை லேபில் கொடுத்தால் பச்சைச் சாயத்தோடு வருகிறது. இந்தக் கேமராவில் எடுத்தால் அந்தத் தொல்லை தீருமா?
– வாசகர், ஈரோடு

தீராது, சாயம் வருவது கேமராவிலிருந்து அல்ல. பெரும்பாலான லேப்களில் கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தாளிலேயே அச்சிடுகிறார்கள். அந்தத் தாளில் சாம்பல் என்பது மூன்று சாயங்களின் கலவை. அன்றைய ரசாயனத்தில் அல்லது இயந்திரத்தின் அளவீட்டில் இம்மி பிசகினாலும் சாம்பல் பச்சைக்கோ செம்மைக்கோ சாய்ந்துவிடும். வண்ணப் படத்தில் அந்தப் பிசகு தெரிவதில்லை, கறுப்பு வெள்ளையில் உடனே காட்டிக்கொடுக்கிறது.

கறுப்போடு இரண்டு மூன்று சாம்பல் மைகளையும் தனித்தனியே வைத்திருக்கும் பிக்மெண்ட் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டுத் தரும் லேபைத் தேடுங்கள். பெரிய ஊர்களில் கண்காட்சிகளுக்கு அச்சிடுபவர்களிடம் அது இருக்கும். பளபளப்பில்லாத பருத்தித்தாளில் கறுப்பு சற்று மென்மையாக விழும். அழுத்தமான கறுப்பு வேண்டுமானால் பேரியம் பூச்சுள்ள பரைட்டா வகைத் தாளைக் கேளுங்கள். முழு அளவில் அச்சிடச் சொல்வதற்கு முன், படத்தின் மிக வெளிறிய பகுதியும் மிக இருண்ட பகுதியும் வரும்படி ஒரு துண்டை மட்டும் அச்சிட்டு வாங்கி, கடையின் ட்யூப் லைட்டுக்கு அடியில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சாயம் தெரியவில்லை என்றால் மீதியை அச்சிடச் சொல்லலாம்.